முதுகில் ஒரு கண்

என்னோடு பி.காம். படித்த நண்பன் ஒருவன். நாற்பத்தைந்து வயதில் டாக்டர் 'சர்க்கரை' என்று சொன்னதும் ஓடிப் போய் சைக்கிள் வாங்கினான். நாம் ஸ்கூலுக்கு ஓட்டிய சைக்கிள் இல்லை. கேரியர் கிடையாது, மட்கார்டு கிடையாது, ஸ்டாண்டு கூடக் கிடையாது. இல்லாத ஒவ்வொன்றுக்கும்தான் விலை கூடுதல் போலிருக்கிறது!

ஒருநாள் போன் பண்ணினான். ''கொல்லிமலை ஏறப் போறேன்டா. சைக்கிளுக்குப் பின்னாடி மாட்ட ஒரு ரேடார் லைட் வாங்கணும், கூட வா.''

''ரேடாரா... ஏர்போர்ட்ல இருக்குமே, அதுவா?''

ஏறக்குறைய அதுதான். உள்ளங்கை அளவுக்குச் சுருங்கி, ஸீட்டுக்குக் கீழே சிவப்பு விளக்காக உட்கார்ந்துகொள்கிறது. ஸ்வீடனில் ஒரு சின்ன கம்பெனி உருவாக்கியது. 2015-ல் கார்மின் அந்தக் கம்பெனியையே வாங்கி, 'வேரியா' என்ற பெயரில் கடைக்குக் கொண்டுவந்தது. இப்போது வேறு சிலரும் செய்கிறார்கள். ரயில் நெருங்கும்போது ஹாரன் கீச்சென்றும், கடந்த பிறகு கனத்தும் கேட்கிறதல்லவா? 1842-ல் டாப்ளர் என்ற ஆஸ்திரியர் சொன்ன சங்கதி. அதே கணக்குதான் இதிலும். பின்னால் அனுப்பும் ரேடியோ அலை, வருகிற வண்டியில் பட்டுத் திரும்பும். அது மாறியிருப்பதை வைத்து வேகத்தைக் கண்டுபிடிக்கும். 140 மீட்டருக்குள் வண்டி வந்தால் முன்னால் இருக்கும் திரையில் ஒரு புள்ளி, கூடவே ஒரு 'பீப்'. விளக்கும் வேகமாக மினுக்கும்.

நீங்கள் 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள், பின்னால் வேன் 60-ல் வருகிறது என்றால், அது உங்களைத் தொடப் பன்னிரண்டு விநாடி ஆகும். ஓரமாக ஒதுங்க அது தாராளம்.

கடைக்காரப் பையன் நேர்மையானவன். ''பேட்டரி எத்தனை மணி நேரம் நிக்கும், பகல் வெயில்ல லைட் தெரியுமா, மழை தாங்குமா... இதைப் பார்த்து வாங்குங்க சார். ஆனா, உங்க வேகத்துலயே பின்னாடி ஒரு வண்டி வந்தா இது காட்டாது. வளைவுக்கு அந்தப் பக்கம் இருக்கறதும் தெரியாது'' என்றான்.

''டிரைவர் முழிச்சிருக்கானான்னு சொல்லுமா?'' என்றேன். சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இடிக்கக்கூடியவன் பின்னால் வருகிறான். ஆயிரக்கணக்கில் காசு கொடுத்து முதுகில் கண் வைத்துக்கொள்ள வேண்டியவன் முன்னால் போகிறவனா? 1930-ம் வருடத்துச் சரக்கு விற்பனைச் சட்டம் நடத்தும்போது, 'வாங்குகிறவனே, உஷார்!' என்றொரு தத்துவம் சொல்லிக்கொடுத்தார்கள். ரோட்டிலும் அதே தத்துவம்தானா? 2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். நாளைக்கு ஒரு சைக்கிள்காரன் அடிபட்டால், 'ரேடார் மாட்டலையா?' என்று அவனையே கேட்பார்கள்.

எல்லாவற்றையும் கடையிலேயே கொட்டினேன். நண்பன் பொறுமையாகக் கேட்டான். ''நியாயம் உன் பக்கம் இருக்கட்டும்டா. லைட் என் பக்கம் இருக்கட்டும்'' என்று பில் போடச் சொன்னான்.

அடுத்த ஞாயிறு விடிகாலை. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள். அவன் சைக்கிளில் மூச்சு வாங்க, தண்ணீரும் வாழைப்பழமுமாகப் பின்னால் நான் காரில். அன்றைக்கு அவன் ரேடாரில் அதிகம் தெரிந்த புள்ளி நான்தான். வளைவு திரும்பினால் பாறை மறைத்துவிடும், புள்ளி காணாமல் போகும். நேர்ப்பாதை வந்ததும் மறுபடி பீப். பனிமூட்டத்தில் அவன் முதுகு தெரியாதபோது, அந்தச் சிவப்பு மினுக்கல்தான் எனக்கு வழி சொன்னது. கடையில் முனகியதை நினைத்துக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

செம்மேட்டில் டீ குடித்துவிட்டு, வாழவந்தி நாட்டுப் பக்கம் ஊர் சுற்றக் கிளம்பினோம். ஓர் இறக்கம். மிதிக்காமலே அவன் சைக்கிள் பறந்தது. நாற்பதாவது இருக்கும். நான் பின்னால் நெருங்க, பீப். அவன் குனிந்து திரையைப் பார்த்தான். ஒரே ஒரு நொடி.

முன்னால், தலையில் விறகுக் கட்டோடு ஒரு பாட்டி போய்க்கொண்டிருந்தார்.

பிரேக் பிடித்ததில் சைக்கிள் சறுக்கி, அவருக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. திடுக்கிட்ட பாட்டி ஓரத்து மண்ணில் கால் வைக்க, விறகுக் கட்டு சரிந்து விழுந்தது. நான் காரை நிறுத்திவிட்டு ஓடினேன். அவர் எங்கள் இருவரையும் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார்.

''ஏஞ்சாமி... ஒரு மணி கூடவா இல்ல?''

இருந்தது. எடை கூடுகிறதென்று கழற்றி வீட்டு அலமாரியில் வைத்திருந்தான்.

கட்டைத் தூக்கிக் கொடுத்தோம். வேறொன்றும் சொல்லாமல் நடந்தார். அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றோம். அதில் எந்த விளக்கும் இல்லை.

கடையில் நான் பேசியதெல்லாம் முன்னால் போகிறவன் நியாயம். காருக்கு முன்னால் சைக்கிள்காரன். சைக்கிளுக்கு முன்னால் நடக்கிறவர். சத்தமே இல்லாமல் வருகிற சைக்கிள், அந்தப் பாட்டிக்கு எங்கள் லாரியைவிட மோசம். கணக்குப் படித்த எங்களுக்கே வரவேண்டியது மனப்பாடம், கொடுக்கவேண்டியது மறதி!

குறுகலான மலைப்பாதையில் இறங்குகிற வண்டி ஒதுங்கி நின்று, ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்று 1989-லேயே சாலை விதியில் எழுதி வைத்தார்கள். ஏறுகிறவன் நின்றால் மறுபடி கிளம்புவது பெரும்பாடு. யாருக்குச் சுலபமோ அவன் பொறுத்துக்கொள்ளட்டும் என்பதுதான் அதிலிருக்கும் மனசு. வண்டிக்கு எழுதியது சுமை தூக்கி நடக்கிறவருக்கும் பொருந்தாதா என்ன?

ரேடார் லைட் வாங்கலாமா என்று கேட்டால், வசதியிருந்தால் கண்டிப்பாக வாங்குங்கள் என்பேன். உங்கள் உயிர் உங்கள் வீட்டுக்கு வேண்டும். ஆனால், அது உங்களைக் காப்பாற்ற வாங்கியது. மணி, முன்னால் போகிறவரைக் காப்பாற்ற. இரண்டையும் ஒரே பில்லில் போடச் சொல்லுங்கள்.

அன்று சாயங்காலம் இறங்கும்போது நண்பன் எழுபது வளைவிலும் வாயாலேயே 'ட்ரிங்... ட்ரிங்...' என்று கத்திக்கொண்டே வந்தான். எதிரில் வந்தவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

நான் நன்றாகத் தள்ளி, இரண்டாவது கியரில் வந்துகொண்டிருந்தேன்.