சுவர் எதைக் காக்கும்?

சகோதரர்களே! கள்வனுக்குப் பூட்டு உண்டு. கூடப் பிறந்தவனுக்குப் பூட்டு உண்டா? ஓமான் நாட்டு ஜப்ரீன் கோட்டையின் வரலாறு நம் முன் வைக்கும் வினா இது.

நிஸ்வாவுக்கு அப்பால், பஹ்லா நகரை அடுத்து இக்கோட்டை நிற்கிறது. 1650-ல் மஸ்கத்திலிருந்து போர்த்துக்கீசியரை விரட்டிய இமாம் சுல்தான் பின் ஸைஃபின் மகனார் பில்அரப், சுமார் 1670-ல் இதனைக் கட்டுவித்தார். தகப்பனார் நிஸ்வாவில் எழுப்பியது போருக்கான கோட்டை. மகனார் கட்டியதோ குடியிருக்கவும் கல்வி வளர்க்கவும் ஆன மாளிகை.

பார்க்கச் செல்வோர் இன்றும் வியக்கின்றனர். சூரிய சந்திர மண்டபத்தில் 14 சாளரங்கள். ஏழு தரையையொட்டி, ஏழு கூரையையொட்டி. கீழே குளிர்ந்த காற்று நுழைய, வெப்பக் காற்று மேலே வெளியேறும். மரக்கூரைகளில் வண்ணப் பூவேலை. கிடங்கில் அடுக்கிய ஈச்சம்பழ மூட்டைகள் தம் பாரத்தாலேயே நசுங்கிப் பாகு வடிக்க, அது தரையிலுள்ள கால்வாய் வழியே வந்து சேரும். சரக்கு வீணாகாத இவ்வேற்பாட்டை வணிகராகிய நாம் மெச்சாமல் இருக்க முடியுமா?

காவலுக்கும் குறைவில்லை. எதிரெதிர் மூலைகளில் இரு வட்டக் கொத்தளங்கள். காவலர் மறைந்திருக்க ஒளிவறைகள். மாணவர் ஓதுவதற்கும் அறைகள். காவலும் இருந்தது, கல்வியும் இருந்தது. இருந்தும் நடந்தது யாது? உடன்பிறந்தார் ஸைஃப் பின் சுல்தானே ஆட்சிக்காகப் படை திரட்டி வந்து கோட்டையை முற்றுகையிட்டார். இமாம் பில்அரப் 1692-ஐ ஒட்டி உள்ளேயே மௌத்தானார். அவர் கபுறும் அங்கேயே இருக்கிறது.

சுவர் வீண் என்று நாம் சொல்ல வரவில்லை. இரவில் கடையைப் பூட்டாதவன் அறிவிலி. ஆயினும் சுவர் அந்நியனைத் தடுப்பதற்கு. பங்குள்ளவனுக்கு எதிராக எழுப்பினால், எழுப்பியவனுக்கே அது சிறையாகிறது.

வென்றவர் சிறப்புற ஆண்டாரே, 1698-ல் மொம்பாஸாக் கோட்டையையும் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தாரே எனச் சிலர் கேட்கலாம். உண்மையே. ஆனால் லாபம் வந்ததென்பதற்காக நிறுவையில் குறைத்தது நியாயமாகுமா? பின் வந்த வெற்றி முன் செய்த முற்றுகையை நேராக்காது.

அப்படியாயின் சகோதரரிடையே காவல் எது? வழக்கு மூளும் முன்பே கணக்கைத் திறந்து வைப்பதுதான். கூட்டாகக் கடை நடத்துவோர் பங்கை எழுதி வைக்கட்டும். ஆண்டுதோறும் ஒன்றாக அமர்ந்து ஐந்தொகையைப் பார்க்கட்டும். இளையவர் கணக்குக் கேட்டால், 'என்னைச் சந்தேகிக்கிறாயா?' என்று மூத்தவர் கோபிக்கலாகாது. வாய்விட்டுக் கேட்ட கேள்விக்குப் பேரேட்டில் பதில் உண்டு. கேட்காமல் நெஞ்சில் வைத்த கேள்விதான் பிறகு படை திரட்டிக்கொண்டு வாசலில் வந்து நிற்கிறது.

வல்ல ரஹ்மான் நம் குடும்பங்களை அந்நிலையினின்று காப்பானாக! ஆமீன்.