எண்ணாலும் எழுத்தாலும்

எந்த ஊர் கோர்ட்டையும் போல இரணியல் கோர்ட்டிலும் எல்லைத் தகராறு வழக்குகளுக்குக் குறைவில்லை. அவற்றுக்காகப் பெட்டியிலிருந்து வெளியே வருகிற பழைய பத்திரங்களைப் படித்துப் பாருங்கள். எழுதினவர் ஏன் சொன்னதையே இத்தனை தடவை சொல்கிறார் என்று தோன்றும். சர்வே நம்பர் எழுதியாச்சு. இத்தனை சென்ட் என்றும் எழுதியாச்சு. அதோடு விடமாட்டார். இன்னார் தென்னந்தோப்புக்கு மேற்கு, வாய்க்காலுக்கு வடக்கு என்று நான்கு எல்லையும் வரும். கிரயத் தொகை எண்ணால் ஒரு தடவை, எழுத்தால் ஒரு தடவை. கடைசியில் சாட்சி ரெண்டு பேர். வளவளவென்று எழுதும் ஆசை இல்லை இது. கை பிசகும், கரையான் அரிக்கும், மை மங்கும் என்று தெரிந்தவர்கள் செய்து வைத்த ஏற்பாடு.

கம்ப்யூட்டர் மெமரிக்கும் இதே கவலை உண்டு. சிப்பில் ஒரு பிட் என்பது ஒரு துளி மின்சாரம். இருந்தால் ஒன்று, இல்லையென்றால் பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுபதுகளின் கடைசியில் இன்டெல் கம்பெனியின் சிப்களில் இந்தத் துளிகள் காரணம் தெரியாமல் மாறிக்கொண்டிருந்தன. டிமத்தி மே, மர்ரே உட்ஸ் என்ற இருவர் 1978-ல் விஷயத்தைச் சொன்னார்கள். சிப்பை மூடியிருந்த உறையில் மிக மிகக் கொஞ்சமாக யுரேனியமும் தோரியமும் கலந்திருந்தன. அதிலிருந்து கிளம்பும் ஆல்ஃபா துகள் மின்சாரத்தைக் கலைத்துவிட்டது.

தோரியம் என்றதும் எங்க பக்கத்து ஆட்களுக்குக் காது நிமிரும். இரணியலுக்குத் தெற்கே கொஞ்ச தூரத்தில் மணவாளக்குறிச்சி. அந்தக் கடற்கரை மணலில் மோனசைட் இருப்பதை 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்தார். மோனசைட்டுக்குள் இருப்பது இதே தோரியம்தான். (இன்டெல் உறையில் இருந்தது நம்ம மணலா என்று கேட்காதீர்கள். தோரியம் கொஞ்சம்போல எல்லா ஊர் மண்ணிலும் உண்டு.)

உறையைச் சுத்தமாக்கிக்கொண்டார்கள். வானத்திலிருந்து வரும் காஸ்மிக் கதிரை என்ன செய்வது? அதுவும் பிட்டை மாற்றும். இங்கேதான் எனக்கு ஒரு சிக்கல். நமக்குத் தப்பு என்றால் உடனே ஒரு ஆள் வேண்டும், கிளார்க்கோ, ஆபரேட்டரோ. நட்சத்திர வெளியிலிருந்து வந்த துகள் ஒருத்தர் கணக்கைக் கெடுத்தால் யாரைத் திட்டுவது? யாரும் குற்றவாளி இல்லைதான். பொறுப்பாளியும் யாரும் இல்லை என்று அதற்கு அர்த்தமா?

பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்த ரிச்சர்ட் ஹேமிங்குக்கு இது வேறு விதத்தில் உறைத்தது. வாரக் கடைசியில் ஆளில்லாத நேரத்தில் அவர் கணக்கை மெஷினில் ஓட்டுவார்கள். மெஷின் பிழை கண்டால் அதைக் கைவிட்டு அடுத்த ஆள் கணக்குக்குப் போய்விடும். பிழை இருக்கிறது என்று தெரிகிற மெஷினுக்கு, எங்கே இருக்கிறது என்று தெரியக்கூடாதா? அவர் கண்ட வழி 1950-ல் அச்சில் வந்தது. மளிகைக்கடைக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். நெடுக்கும் கூட்டி வைக்கிறோம், குறுக்கும் கூட்டி வைக்கிறோம். ஒரு நெடுக்கும் ஒரு குறுக்கும் உதைத்தால், அவை சந்திக்கிற கட்டத்தில்தான் தப்பு. ஹேமிங் இதையே இன்னும் சிக்கனமாகச் செய்தார். சர்வர்களில் வழக்கமான ஒரு ஏற்பாடு 64 பிட்டுக்கு எட்டு பிட் காவல். ஒன்று மாறினால் திருத்திவிடும். இரண்டு மாறினால், 'தப்பு என்று தெரிகிறது, எது என்று தெரியவில்லை' என்று கையை விரித்துவிடும்.

இந்தக் கைவிரிப்புதான் எனக்குப் பிடித்த இடம். ‘கூட்டுத்தொகை ஒத்துவரல சார், கையெழுத்துப் போடமாட்டேன்' என்கிற கிளார்க்கை நாம் எப்படித் திட்டுவோம்! வேலையைக் கெடுக்க வந்தவன் என்போம்.

1981-ல் வந்த ஐபிஎம் பி.சி.யில் எட்டு பிட்டுக்கு ஒன்பதாவதாக ஒரு காவல் பிட் இருந்தது. திருத்தத் தெரியாது, பிழை என்று கண்டால் மெஷினை நிறுத்தும். தொண்ணூறுகளில் விலைப் போட்டி வந்ததும் சாதாரணக் கம்ப்யூட்டர்களிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். ஒன்பதில் ஒரு பங்கு மெமரி மிச்சம். மெஷின் நிற்காது, தப்பான எண்ணோடு சிரித்தபடி ஓடும். சர்வர்களுக்கு மட்டும் காவல் தொடர்ந்தது. கூகுள் தன் சர்வர்களை எண்ணிப் பார்த்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில், மெமரி அட்டைகளில் நூற்றுக்கு எட்டுக்கு மேல் ஒரு வருஷத்தில் ஒரு தடவையாவது பிழை காட்டியிருந்தன. எண்ணுகிற ஏற்பாடு இருந்ததால் அவர்களுக்குத் தெரிந்தது. சாதாரண மெஷினில் அதே பிழைக்கு யாரும் கணக்கு வைப்பதில்லை.

2003 மே மாதம் பெல்ஜியத்தில் ஸ்கார்பேக் என்ற இடத்தில் தேர்தல். எலெக்ட்ரானிக் ஓட்டு. ஒரு வேட்பாளருக்கு 4096 ஓட்டு கூடுதலாக வந்தது. இரண்டைப் பன்னிரண்டு தடவை பெருக்கினால் வருகிற எண் அது. ஒரே ஒரு பிட் மாறினால் போதும். காஸ்மிக் கதிராக இருக்கலாம் என்று ஊகித்தார்கள். அகப்பட்டது எப்படி? அவருக்குக் கிடைக்கவே முடியாத அளவு ஓட்டு என்பதால். மாறிய பிட் இன்னும் கீழே இருந்து, 64 ஓட்டு மட்டும் கூடியிருந்தால் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

காசோலையில் எண்ணும் எழுத்தும் முரண்பட்டால் எழுத்துதான் செல்லும் என்று 1881-லேயே நம் சட்டம் சொல்லிவைத்தது. பிழை வரும், வந்தால் எதை நம்புவது என்று முன்கூட்டியே முடிவு செய்வது ஒரு கடமை என்று நினைத்த காலம். இன்றைக்குக் கம்ப்யூட்டர் பட்டாவை எடுத்துப் பாருங்கள். பெயர், சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, தீர்வை இருக்கும். நான்கெல்லை கிடையாது. உட்பிரிவில் ஒரு இலக்கம் தவறி டைப் ஆனால், எத்தனை நல்ல மெமரி போட்டும் பிரயோஜனமில்லை. ஹேமிங்கின் காவல் அந்தத் தப்பையும் ஒரு பிட் பிசகாமல் பத்திரமாகக் காப்பாற்றும். உள்ளே வந்தது நிஜமா என்று கேட்பது அதன் வேலை இல்லை. தப்பைக் காட்டிக்கொடுக்க அந்தப் பட்டாவுக்குள் வேறு சாட்சியும் இல்லை. சுருக்கியவர் யாரென்று யாருக்கும் தெரியாது. இரணியல்காரர்தான் தக்கலைக்கு, தாலுகா ஆபீசுக்கு பஸ் ஏறவேண்டும், தாத்தா காலத்துப் பத்திரத்தை பிளாஸ்டிக் கவரில் சுற்றி எடுத்துக்கொண்டு.