கணினி சொல்வது அளவையாகுமா?

பள்ளிக்கூடத்துக் கணினியைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இரண்டு தனித்தனிக் கவலைகளாகவே நடக்கிறது. அதனால் பிள்ளை என்ன படிக்கும் என்பது ஆசிரியரின் கவலை. பிள்ளைக்கு என்ன நேரும் என்பது பெற்றோரின் கவலை. சைவ சித்தாந்தத்தின் அளவையியல் வழியே பார்த்தால் இரண்டும் ஒரே கேள்விதான்: யாருடைய சொல்லை, என்ன காரணத்தால் நம்புவது?

அறிந்தது மெய்யா என்று அளந்து பார்க்கும் கருவியே அளவை. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரின் சுபக்கம், கடவுள் உண்டா என்ற ஆராய்ச்சிக்கு முன்பே அளவைகளை எடுத்துக்கொள்கிறது. காண்டல், கருதல், உரை, இன்மை, பொருள், ஒப்பு என்று பலவாகச் சொல்லப்படுவன எல்லாம் முதல் மூன்றில் அடங்கிவிடும் என்பது அதன் முடிவு. தானே காண்பது காண்டல். புகையைக் கொண்டு நெருப்பை உணர்வது கருதல். நம்பத்தக்கவர் சொல்லக் கேட்டு அறிவது உரை.

கணினித் திரையில் மாணவர் பெறுவதில் மிகுதியும் உரைதான். படமும் காணொளியும் கண்ணால் பார்ப்பவை என்றாலும் அவை காண்டலாகிவிடா. ஒருவர் தேர்ந்தெடுத்து, வெட்டி, ஒட்டிக் காட்டியவை. உரை அளவையாக வேண்டுமானால் சொல்பவர் ஆப்தராக இருக்க வேண்டும் என்பது இந்தியத் தருக்க மரபு. பொருளை உள்ளபடி அறிந்திருத்தல், அறிந்ததை அறிந்தபடி சொல்ல விரும்புதல், வஞ்சகம் இன்மை ஆகியவை ஆப்தரின் இலக்கணம். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1849இல் சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கி வந்தார். பின்னர் அவர் பதிப்பித்த நூல்களுக்குக் கிடைத்த மதிப்பு இயந்திரத்தால் வந்ததல்ல. ஏடுகளை ஒப்புநோக்கிப் பிழை களைந்த ஒரு மனிதர் அவற்றுக்குப் பொறுப்பாக நின்றதால் வந்தது.

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் அப்படிப்பட்ட பொறுப்பாளியைத் தேடிப் பயனில்லை. ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்து அது வாக்கியம் அமைக்கிறது. அது பொய் சொல்ல நினைப்பதில்லை. மெய் சொல்ல நினைப்பதும் இல்லை. ஆப்தருக்கு உரிய முதல் இரண்டு தகுதிகளும் இல்லாத ஒன்று மூன்றாவதால் மட்டும் ஆப்தராகிவிடாது. அதன் விடையைச் சோதிக்க வேண்டிய கருத்தாகக் கொள்ளலாமே தவிர, அளவையாகக் கொள்வதற்கு இடமில்லை.

கொட்டியாரக் குடாவின் தென்கரையில், மூதூரை அடுத்துள்ள கட்டைபறிச்சானில் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைச் செய்து பார்க்க அருமையான பொருள் ஒன்று கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆன் என்ற ஆங்கிலக் கப்பல் புயலில் பாய்மரம் இழந்து இந்தக் குடாவுக்கு வந்தபோது, 1660இல் அதன் தலைவரும் மாலுமிகள் சிலரும் கண்டி அரசனின் ஆட்களால் பிடிக்கப்பட்டார்கள். மூதூரில் அந்த இடத்தைக் குறிக்கும் நினைவுக்கல், கப்பல் தலைவர் ரொபர்ட் நொக்ஸ் பிடிபட்டதையும், நொக்ஸ் 19 ஆண்டுகள் சிறையிருந்ததையும் ஒருவருடைய கதைபோலவே சொல்கிறது. ஆனால் தலைவர் நொக்ஸ் மறு ஆண்டே காய்ச்சலில் இறந்துபோனார். 19 ஆண்டுகள் இருந்து, 1679இல் தப்பி அரிப்பை அடைந்து, 1681இல் இலங்கையைப் பற்றி நூல் வெளியிட்டவர் அதே பெயருடைய மகன். கல்லில் வெட்டியதிலேயே தந்தையும் மகனும் ஒருவராகிவிட்டால், அதைப் பார்த்து எழுதும் இணையப் பக்கங்களில் என்ன நடக்காது? கல்லை நேரில் வாசிப்பது காண்டல். ஆண்டுகளைக் கூட்டிக் கழித்து இருவர் என்று உணர்வது கருதல். மகன் எழுதிய நூலோடு ஒப்பிடுவது உரை. இணையத்தில் எடுத்ததை ஒப்படையில் அப்படியே ஒட்டிக் கொடுப்பதைவிட இப்படி ஒரு பாடவேளை போவது எவ்வளவோ மேல்.

இன்மை பற்றிய ஆராய்ச்சியும் இங்கே உதவும். நிலத்தில் குடம் இல்லை என்று சொல்ல, குடம் இருந்தால் கண்ணுக்குத் தெரியும் இடமாக அது இருக்க வேண்டும். தேடுபொறியில் கிடைக்காததை ‘இல்லை’ என்று தள்ளும் மாணவர் இந்த நிபந்தனையை மறந்துவிடுகிறார். கட்டைபறிச்சானைப் பற்றித் தேடினால் 2006இல் நடந்த போரும் இடப்பெயர்வும், சம்பூர் மக்கள் இங்கே முகாம்களில் பல ஆண்டுகள் கிடந்ததும் செய்திகளாக வரும். வயல்வெளிகளின் பெயர்களும் கோயில் சடங்குகளின் முறையும் முதியவர்களிடம் இருக்கின்றன. அவற்றைக் கேட்டு ஒலிப்பதிவு செய்து, சொன்னவரின் ஒப்புதலோடு சேமிக்கும்போதுதான் கணினி இந்த ஊருக்கு உண்மையில் பயன்படுகிறது.

ஞானத்துக்கான படிகளைச் சித்தாந்த நூல்கள் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை என்று நான்காக வகுக்கின்றன. கணினி முதற்படியை மிக எளிதாக்கிவிட்டது. கொவிட் காலத்தில் வட்ஸ்அப்பில் பாடக்குறிப்புகள் வந்து குவிந்தன. போன் இருந்த வீட்டுப் பிள்ளைக்குக் கேட்டலாவது கிடைத்தது, இல்லாத வீட்டில் அதுவும் இல்லை. சிந்தித்தலும் தெளிதலும் குறிப்புகளோடு சேர்ந்து வந்துவிடவில்லை. பொருளாதார ஒத்துழைப்பு அபிவிருத்தி நிறுவனம் 2015இல் வெளியிட்ட அறிக்கையும், பள்ளிக் கணினிக்குப் பெரும் பணம் கொட்டிய நாடுகளில் வாசிப்பிலோ கணிதத்திலோ அறிவியலிலோ குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணவில்லை என்றே சொல்கிறது. கணினி அறை திறப்பு விழாக்களில் இதை யாரும் நினைவூட்டுவதில்லை.

பாதுகாப்புக்கும் இதே அளவுகோல்தான். அறிவின் குற்றங்களாக ஐயத்தையும் திரிபையும் சொல்வர். கயிற்றைப் பாம்பாகக் காண்பது திரிபு. இணையத்தில் பெரும்பாலும் மறுதலையாக, பாம்பு கயிறாகத் தெரிகிறது. பதினாறு வயதுத் தோழியின் படத்தோடு பேசுபவர் நாற்பது வயது ஆணாக இருக்கலாம். பரிசு விழுந்ததாக வந்த இணைப்பு கடவுச்சொல்லைத் திருடலாம். பொருளை ஐயுறப் பழகிய பிள்ளை ஆளையும் ஐயுறும். வெறும் தடை இந்தப் பழக்கத்தைத் தராது. பள்ளியில் தடுத்த தளம் வீட்டுப் போனில் திறந்தே கிடக்கிறது. அதற்காகத் தடையே வேண்டாம் என்பதும் பொருந்தாது. சிறு வயதில் ஐயுறும் ஆற்றல் முதிர்ந்திருக்காது. அதுவரை வேலி வளர்ந்தவர்களின் கடமை. மாணவர் படங்களையும் பெறுபேறுகளையும் பெயரோடு பள்ளி முகநூலில் இடுவதும் அந்த வேலியை உடைப்பதுதான்.

ஏமாந்த பிள்ளையைக் குற்றவாளியாக நிறுத்துவதே மிகப் பெரிய தவறு. அச்சுறுத்துபவர் நம்பியிருப்பது, பிள்ளை வீட்டில் வாய் திறக்காது என்பதைத்தான். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்குக் கட்டணமின்றி எந்நேரமும் அழைக்கலாம். கணினி அறைகளின் சுவரில் இந்த இலக்கத்தை ஆசிரியர்கள் பெரிதாக எழுதி வைக்க வேண்டும்.