வினையும் மார்பின் மாத்திரையும்

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களில் ஒரு வீட்டில் புற்றுநோய் என்று தெரிந்ததும் இரண்டு விதமான பேச்சு எழும். எத்தனை கீமோ, எத்தனை நாள் கரண்ட் வைக்க வேண்டும், ஜிப்மருக்கு யார் துணைக்குப் போவது என்பது ஒன்று. ‘எந்த ஜென்மத்து வினையோ, அனுபவிச்சுத்தானே தீரணும்’ என்பது மற்றொன்று. நோய் மருத்துவர் பாடு, வலியும் வாந்தியும் தூக்கமின்மையும் நோயாளி பாடு என்று இந்த இரண்டாம் பேச்சு பாகம் பிரித்துவிடுகிறது. இந்தப் பாகப்பிரிவினையில் நியாயம் இல்லை. வினைக்குக் குறுக்கே போகக் கூடாதென்றால் கட்டியை அறுத்து எடுப்பதும் கூடாது. கட்டியை எடுக்கச் சம்மதித்தவர்கள், அது தரும் வலியை மட்டும் வினையின் கணக்கில் விட்டுவைக்க முடியாது.

கடலூரைத் தாண்டி, பண்ருட்டியை ஒட்டிக் கெடிலக் கரையில் இருக்கிறது திருவதிகை. சூலை நோயோடு திருநாவுக்கரசர் வந்து விழுந்த ஊர். பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்லும் வரலாற்றில், குடலைப் பிசையும் வலியை எதுவும் தீர்க்காதபோது அவர் தமக்கை திலகவதியாருக்கு ஆள் அனுப்புகிறார். பிறகு இரவோடிரவாக வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு, துணைக்கு வந்தவர் கையைப் பிடித்தபடி தாமே வந்து அக்காள் காலில் விழுகிறார். ‘உன் வினை, பொறுத்துக்கொள்’ என்று அந்த அம்மையார் சொல்லவில்லை. எழுப்பி, திருநீறு கொடுத்து, வீரட்டானக் கோயிலுக்கு அழைத்துப் போகிறார். அங்கே நாவுக்கரசர் பாடியது வலி தாங்க முடியவில்லை, நீக்கு என்ற முறையீடு. சைவர்கள் அந்த முறையீட்டைத்தான் நான்காம் திருமுறையின் முதற் பதிகமாக வைத்திருக்கிறார்கள். வலியில் வாய்விட்டுக் கேட்பது பக்திக் குறைவு என்றால் அதற்கு அந்த இடம் கிடைத்திருக்காது. சூலையே இறைவன் தந்த அழைப்புதானே, அதனால்தானே சமணத்துக்குப் போயிருந்த அவர் சைவத்துக்குத் திரும்பி வந்தார் என்று கேட்கலாம். சேக்கிழார் அப்படித்தான் சொல்கிறார். ஆனால் தந்தவனே நீக்கினான் என்பதும் அதே வரலாறு. இறைவன் அனுப்பிய வலி என்று நம்பிய தமக்கையும் தம்பியை வலியோடு விட்டுவைக்கவில்லை.

வினை வாதத்துக்கு நேரடி விடை வடலூரில் இருக்கிறது. 1867இல் சத்திய தருமச்சாலையைத் தொடங்கிய வள்ளலார், ஜீவகாருண்ய ஒழுக்கத்தில் இந்தக் கேள்வியையே எடுத்துக்கொள்கிறார். முன்வினையால் ஒருவர் துன்பப்படும்படி கடவுள் விதித்திருக்க, நாம் உதவுவது கடவுள் ஆணைக்கு விரோதம் ஆகாதா? ஆகாது என்கிறார். கொடிய குற்றம் செய்து சிறையில் இருப்பவருக்கும் அரசன் தன் சேவகரைக் கொண்டு உணவு கொடுக்கிறான். தண்டனை விதித்தது பட்டினி போடுவதற்காக அல்ல. வள்ளலார் முதலிடம் தந்தது பசிக்குத்தான், நோயின் துன்பத்தை அடுத்தே வைத்தார் என்பது உண்மை. ஆனால் கீமோவால் வாயெல்லாம் புண்ணாகி, கஞ்சியில் போட்ட உப்பே எரிந்து, இரண்டு வாய்க்கு மேல் இறங்காமல் கிண்ணத்தைத் தள்ளி வைக்கிறாரே, அவர் படுவது பசியில்லாமல் வேறென்ன? வாய்ப்புண்ணுக்கு மருந்து கேட்டு வாங்குவதும், வாந்தி வருமுன்னே அதற்கான மாத்திரையைக் கொடுப்பதும் அன்னதானத்துக்குக் குறைந்தவை அல்ல.

முதலில் உயிர் பிழைக்கட்டும், சௌகரியத்தைப் பிறகு பார்க்கலாம் என்பார்கள். அக்கறையில் பிறக்கும் பேச்சுதான், ஆனால் சான்றுகள் வேறு சொல்கின்றன. 2010இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், முற்றிய நுரையீரல் புற்றுநோய் கொண்ட 151 பேரிடம் நடந்த ஆய்வு வெளிவந்தது. ஒரு பாதியினருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றவர்களுக்கு அதோடு சேர்த்துத் தொடக்கத்திலிருந்தே வலி தணிப்புச் சிகிச்சை. இவர்களுக்கு மனச்சோர்வு குறைந்தது, அன்றாட வாழ்வு மேம்பட்டது. வாழ்ந்த காலமும் இடைநிலைக் கணக்கில் 11.6 மாதமாக இருந்தது, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 8.9. நியூயார்க்கில் 766 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வில், வாந்தி, வலி, மூச்சுத்திணறல் போன்றவற்றை நோயாளிகளே கணினி வழியாகப் பதிவு செய்து செவிலியருக்குத் தெரிவித்தார்கள். 2017இல் வந்த முடிவின்படி அவர்கள் வாழ்ந்தது இடைநிலைக் கணக்கில் 31.2 மாதம், வழக்கமான முறையில் இருந்தவர்கள் 26. துன்பத்தைச் சொன்னவர்கள் சிகிச்சையைத் தாக்குப்பிடித்தார்கள். இரண்டும் நம் ஊர் ஆய்வுகள் அல்ல. ஆனால் சாப்பிட முடியாத, தூங்க முடியாத உடம்பு அடுத்த கீமோவைத் தாங்காது என்பது எல்லா ஊருக்கும் பொது.

மார்பின் என்ற பெயரைக் கேட்டதும் வீடே பயப்படுகிறது. பழக்கமாகிவிடும், கடைசி மருந்து, உயிரைச் சீக்கிரம் எடுத்துவிடும் என்கிறார்கள். புற்றுநோய் வலிக்கு மருத்துவர் அளந்து கொடுக்கும் மார்பின் ஆயுளைக் குறைப்பதில்லை. அதற்கு அடிமையாவதும் அரிது. மலச்சிக்கல் பெரும்பாலும் வரும், அதற்கும் சேர்த்தே மருந்து தருவார்கள். உலக சுகாதார நிறுவனம் 1986லேயே வலிக்கேற்றபடி மருந்தை உயர்த்தும் படிமுறையை வகுத்துவிட்டது. ஆனால் இந்தியாவில் அதற்கு முந்திய ஆண்டில் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் மருத்துவமனைகளே மார்பினை வைத்திருக்கத் தயங்கின. 2014 திருத்தம்தான் அதைத் தளர்த்தியது. மருந்துக்கென்று அரசு உரிமத்தோடு அபினி விளைவிக்கும் நாட்டில் வலியோடு மனிதர்கள் செத்தது பெரிய அநீதி.

வில்லியனூர் மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்களுக்கும் ஒரு சொல். வலியை ஆண்டவரின் பாடுகளோடு சேர்த்து ஒப்புக்கொடுப்பது உங்கள் மரபு. ஆனால் மயக்க மருத்துவர்களிடம் 1957இல் பேசிய திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், வலி நீக்கும் மருந்தை ஏற்பதில் பாவமில்லை என்று தெளிவாகச் சொன்னார். ஒப்புக்கொடுப்பது நோயாளி தாமாகத் தேர்ந்துகொள்வது. பக்கத்தில் இருப்பவர் அவருக்காக அதைத் தேர்ந்துவிட முடியாது.

ஆகவே அடுத்த முறை கோரிமேடு ஜிப்மருக்குப் போகும்போது ரிப்போர்ட் கவரோடு ஒரு துண்டுச் சீட்டும் கொண்டுபோங்கள். எங்கே வலி, பத்துக்கு எத்தனை, எந்த ராத்திரி தூங்கவில்லை, எத்தனை வேளை சாப்பாடு இறங்கவில்லை என்று அதில் எழுதியிருக்கட்டும். டாக்டர் கேட்காவிட்டாலும் அதை எடுத்துக் கொடுங்கள்.