இரண்டாவது விடை

குப்பத்திலிருந்து பலமனேர் போகும் வழியில் இருக்கிறது சாந்திபுரம். ஆந்திரத்து ஊர். தமிழ்நாடும் பக்கம், கர்நாடகமும் பக்கம். இங்கே கடையில் தெலுங்கில் விலை கேட்கும் அம்மா, கூட வந்த மகளிடம் திரும்பி "ஜாஸ்தியா சொல்றாரே" என்று தமிழில் முணுமுணுப்பார். உங்கள் மொழி எதுவென்று கேட்டால் அவருக்கே ஒரு கணம் யோசனை வரும்.

தமிழ், தெலுங்கு எல்லை எங்கே என்பதில் ஒரு காலத்தில் இரண்டு முழக்கங்கள் மோதின. "மதராஸ் மனதே", அதாவது மதராஸ் நம்முடையதே, என்றார்கள் தெலுங்கர்கள். "வேங்கடத்தை விடமாட்டோம்" என்றார்கள் ம.பொ.சி.யும் அவரது தமிழரசுக் கழகத்தாரும். சென்னையில் தெலுங்கர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்ததும் மெய். பழந்தமிழ் நூல்கள் வேங்கடத்தை, அதாவது திருப்பதி மலையை, தமிழகத்தின் வட எல்லையாகச் சொன்னதும் மெய். ஆனால் தன் மெய்யை உரக்கச் சொல்லும்போது பக்கத்து வீட்டுக்காரரின் மெய் எவர் காதிலும் விழவில்லை.

1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் முழுவதும் அதோடு போயிற்று. பிறகு எல்லைத் தகராறைத் தீர்க்க எச்.வி. படாஸ்கர் நடுவராக வந்தார். மாவட்டம், வட்டம் என்று பார்க்காமல் கிராமம் கிராமமாக மொழிக் கணக்கைப் பார்த்தார். முழக்கத்திலிருந்து தெருவுக்கு இறங்கி வந்த அந்த முறையை நான் மதிக்கிறேன். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி நம் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களின் சில கிராமங்கள் அந்தப் பக்கம் போயின. ம.பொ.சி.யும் எல்லைப் போராட்டத்தில் அவரோடு நின்ற மங்கலங்கிழாரும் போராடாமல் திருத்தணி வந்திருக்காது என்றே நம்புகிறேன். கொள்கைப் பிடிப்பு இல்லாதவர்கள் சிறைக்குப் போவதில்லை.

ஆனாலும் ஒன்று மனதை உறுத்துகிறது. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மொழி பற்றி இரண்டு கேள்விகள் இருந்தன: தாய்மொழி எது? அதைத் தவிர வேறு எந்த மொழி பேசுவீர்கள்? எல்லைக் கோடு போட முதல் விடை போதுமானதாக இருந்தது. பெரும்பான்மை, சிறுபான்மை என்று கூட்டிக் கழிக்க அதுதான் தோது. தமிழும் பேசுவேன், தெலுங்கும் பேசுவேன் என்றவரை எந்தப் பக்கம் எண்ணுவது?

அன்று கணக்கில் சேராத அந்த இரண்டாவது விடையைச் சாந்திபுரத்துக் கடை வாசலில் இன்றைக்கும் கேட்கலாம்.