சொல்லாமல் கொடுத்த கனி

ஏற்காட்டுப் பெரியோர்களே, இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி சேலத்திலிருந்து வந்திருக்கும் அன்பர்களே!

காலையில் சேர்வராயன் கோயிலுக்குப் போயிருந்தேன். 5,326 அடி உயரம். ராயன் என்றால் அரசன். இந்த மலைக்கே அரசன். ஆனால் அவன் குடியிருப்பது ஒரு குகையில், பக்கத்தில் காவேரி அம்மன். கோபுரம் இல்லை, கொலு மண்டபம் இல்லை. குனிந்துதான் உள்ளே போக வேண்டும். குனிந்த அந்த நேரத்தில் இன்னொரு மலைநாட்டு அரசன் என் நினைவுக்கு வந்தான்.

இங்கிருந்து வடக்கே போனால் தருமபுரி. பழைய பெயர் தகடூர். அங்கே இருந்தவன் அதியமான் நெடுமான் அஞ்சி. பரம்பரை அரசன். கரும்பை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்தவர்கள் அவன் முன்னோர் என்று புறநானூறு சொல்கிறது. முடி சூடிய மூவேந்தருக்கு நடுவில் அவன் ஒரு குறுநில மன்னன்.

இப்படிப்பட்டவர்களின் கவலை எல்லா தேசத்திலும் ஒன்றுதான். கி.மு. நாலாம் நூற்றாண்டில் சீனாவில் தெங் என்று ஒரு குட்டி நாடு. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போனால் இருபது கிலோமீட்டர்தான் இருக்கும். சேலத்திலிருந்து நீங்கள் ஏறி வந்த தூரம்கூட இல்லை. ஒரு பக்கம் ச்சி, இன்னொரு பக்கம் ச்சூ, இரண்டும் வல்லரசுகள். அப்பா வழியில் பட்டத்துக்கு வந்த வென் கோமகன் ஞானி மென்சியஸிடம் கேட்டான்: "நான் யாருக்குப் பணிந்து போகட்டும்?" அவர் எந்தப் பக்கத்தையும் சொல்லவில்லை. "அகழியைத் தோண்டு, மதிலைக் கட்டு, மக்களோடு சேர்ந்து நின்று காவல் செய். உன்னை விட்டு அவர்கள் போகாதபடி நடந்துகொள்" என்ற பொருளில் பதில் சொன்னார். நல்லதைத் தொடங்கி, பின்னால் வருகிறவன் தொடரும்படி விட்டுப் போவது நம் வேலை. பலிப்பது வானத்தின் கையில் என்றும் சொன்னார்.

அப்பனிடமிருந்து பட்டம் வரும், நிலம் வரும். குணம் வருமா? அதை அவனவன் தான் சம்பாதிக்க வேண்டும். அஞ்சி எப்படிச் சம்பாதித்தான்?

நெல்லிக்கனி கதை உங்கள் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். பெரிய மலை, அதிலே ஒரு பிளவு, ஏற அரிய உச்சி, அங்கே ஒரு கனி. தின்றால் சாவு தள்ளிப் போகும். பாடுபட்டுப் பறித்த அஞ்சி அதைப் புலவர் ஔவையிடம் கொடுத்தான். இந்தக் கதையில் நாம் விட்டுவிடுகிற ஒன்று உண்டு. கனியின் மகிமையை அவன் சொல்லவில்லை. மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டான். ஔவை பாடுவதே அதைத்தான்.

அடக்கத்தால் சொல்லாமல் இருந்தானா? சற்று யோசியுங்கள். சொல்லியிருந்தால் அந்த அம்மை வாங்கியிருப்பாளா? "நாடாளுகிற நீ சாப்பிடப்பா" என்று திருப்பித் தந்திருப்பாள். அவள் தின்ன வேண்டும் என்பதற்காகவே வாயை மூடிக்கொண்டான்.

அதே மனிதன் வேறொரு இடத்தில் தன் பெயரைக் கல்லில் பொறித்திருக்கிறான்! திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பை. 1981-ல் அங்கே ஒரு பாறையில் தமிழ் பிராமிக் கல்வெட்டு கிடைத்தது. ஒரே ஒரு வரி. சத்தியபுத்திரன் அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த உறைவிடம் என்கிறது. துறவிகள் தங்கும் குகை அது. சோழ, பாண்டிய, சேரரோடு அசோகர் தம் கல்வெட்டில் சொன்ன சத்தியபுத்திரர் யார் என்ற புதிருக்கும் அந்த வரிதான் விடை.

அங்கே மறைத்தவன் இங்கே ஏன் எழுதினான்? துறவிக்கு ஆள்பலம் கிடையாது. நாளைக்கு ஒருவன் வந்து "எழுந்திரு" என்றால் எங்கே போவார்? அரசன் பெயர் பாறையில் இருந்தால் யாரும் கை வைக்க மாட்டார்கள். அந்தப் பெயர் பெருமைக்கு இல்லை, பட்டா மாதிரி.

அன்பர்களே, தானத்தின் சூட்சுமம் இதுதான். பெயரைச் சொல்வதா மறைப்பதா என்பதை நம் ஆசை முடிவு செய்யக் கூடாது. வாங்குகிறவரின் நன்மை முடிவு செய்ய வேண்டும். கோயிலுக்கு மின்விசிறி கொடுக்கிறோம், இறக்கை மூன்றிலும் "உபயம்" எழுதுகிறோம். அது சுற்றும்போது பெயரும் தெரிவதில்லை என்பது வேறு விஷயம்! அண்ணன் தம்பிக்குச் செய்த உதவியைக் கல்யாணப் பந்தியில், நாலு பேர் காதுபட, சாம்பார் ஊற்றும்போது சொல்லிக் காட்டுகிறோம். அவனுக்குச் சோறு தொண்டையில் இறங்குமா?

தெங் நாடு நிலைக்கவில்லை. தகடூரும் நிலைக்கவில்லை. சேர மன்னன் பெருஞ்சேரல் இரும்பொறை அதை வென்றான். பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்து அவன் புகழைப் பேசுகிறது. நெடுநாள் வாழ வைக்கும் கனியைக் கையில் வைத்திருந்தவன் வேல் பாய்ந்து மாண்டான். கனியைத் தின்ற ஔவை இருந்து அழுதாள். அவன் மார்பில் தைத்த வேல், பாணர்களின் பிச்சைப் பாத்திரத்தையும் துளைத்துவிட்டது என்று புலம்பினாள். அவள் அழுத பாட்டில்தான் இன்றைக்கும் அவன் இருக்கிறான்.

கீழே இறங்கும் வழியில் யாருக்காவது ஏதாவது கொடுக்கத் தோன்றும். கையை நீட்டுமுன் அவர் இடத்தில் ஒரு கணம் நின்று பாருங்கள். அதற்குக் கொஞ்சம் குனிய வேண்டியிருக்கும். சேர்வராயன் வாசலில் அதைத்தான் பழகிக்கொண்டு வந்தேன்.