கண்ணுக்கு மேல் ஒரு குத்தகை

கோலார் தங்கவயலுக்கு வரும் வெளியூர்க்காரர்கள் பலர் இப்போது சயனைடு மேட்டைத்தான் தேடுகிறார்கள். 2018-இல் வெளிவந்த 'கே.ஜி.எஃப்' படத்தின் காட்சிகள் அங்கே எடுக்கப்பட்டன. படத்தில் வரும் நராச்சி என்ற அடிமைச் சுரங்கத்தை அந்த மேட்டில் பார்த்துவிட ஆசை. மேடு என்பது தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய பாறைத்தூள். மூன்று கோடி டன்னுக்கு மேல் கிடக்கிறது. காற்றடித்தால் தூள் வீட்டுக்குள் வரும். நராச்சி வருவதில்லை.

படத்தைக் குறை சொல்ல வேண்டியதில்லை. சினிமா கற்பனை, கொட்டகையை விட்டு வெளியே வந்தால் ஊர் பழையபடி இருக்கும். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததும், வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த தமிழர்கள், பெரும்பாலும் தலித்துகள், மூன்று கிலோமீட்டர் ஆழம்வரை தோண்டியதும், 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டதும், அவர்களுடைய பேரப்பிள்ளைகள் மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போவதும் அப்படியே இருக்கும். ஆக்மென்டட் ரியாலிட்டி (ஏ.ஆர்.) பறிப்பது, கொட்டகையை விட்டு வெளியே வரும் இந்த வசதியைத்தான். கைப்பேசியோ கண்ணாடியோ வழியாகப் பார்க்கும்போது, கற்பனைக் காட்சி நிஜமான தெருமேலேயே படிந்து நிற்கிறது. சயனைடு மேட்டில் நராச்சியை நிறுத்திக் காட்ட இனி செட் போட வேண்டாம். அந்தக் காட்சியைக் கலைக்கவும் யாரும் வரமாட்டார்கள். எங்கே போய்க் கலைப்பது?

இது வெறும் ஊகமல்ல. 2016-இல் 'போக்கிமான் கோ' விளையாட்டு உலகத்தின் தெருக்களில் பொம்மை மிருகங்களை இறக்கிவிட்டது. ஆஷ்விட்ஸ் நினைவிடத்திலும், வாஷிங்டனின் யூத இன அழிப்பு அருங்காட்சியகத்திலும், ஹிரோஷிமாவின் அமைதிப் பூங்காவிலும் மக்கள் கைப்பேசியை நீட்டிக்கொண்டு அவற்றைப் பிடித்தார்கள். எங்கள் இடத்தை விட்டுவிடுங்கள் என்று அந்த இடங்களின் பொறுப்பாளர்கள் கேட்டார்கள். அவர்களுக்கு நிர்வாகம் இருந்தது, உலகம் அறிந்த பெயர் இருந்தது, கேட்க முடிந்தது. தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பாறை வெடித்துச் செத்தவர்கள் சார்பில் யார் கேட்பார்கள்? தங்கவயலின் பெயரும் இப்போது உலகம் அறிந்ததுதான். ஆனால் அறியவைத்தது சினிமா.

அந்த விளையாட்டை நடத்திய நியான்டிக் நிறுவனம் 2024-இல் இன்னொன்றையும் அறிவித்தது. விளையாடியவர்கள் தங்கள் விருப்பத்தில் படமெடுத்து அனுப்பிய இடங்களைக் கொண்டு, இயந்திரங்களுக்கு உலகத்தின் அமைப்பைக் கற்றுத்தரும் மாதிரி ஒன்றை உருவாக்குகிறார்களாம். தோண்டுகிறவன் ஒருவன், எடுத்துக்கொள்கிறவன் இன்னொருவன் என்ற ஏற்பாடு தங்கவயலுக்குப் புதிதில்லை. இங்கே தோண்டியவனுக்குக் கூலியாவது கொடுத்தார்கள்.

இடத்தின் கதை ஒருபுறம். மனிதர்களின் முகம் இன்னொருபுறம். 1930-இல் தங்கவயல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததற்கு ஒரு முக்கியக் காரணம், கைரேகை பதிந்து தங்களைப் பதிவுசெய்யும் கம்பெனியின் திட்டம். எழுத்தறியாதவர்கள் என்று கருதப்பட்டவர்கள், அடையாளம் யார் கையில் இருக்கிறதோ அவன் கையில்தான் கழுத்தும் இருக்கும் என்பதை அறிந்திருந்தார்கள். கைரேகைக்காவது விரலை மையில் வைத்தாக வேண்டும். அந்த நேரத்தில் மாட்டேன் என்று சொல்லலாம். 2024-இல் ஹார்வர்டு மாணவர்கள் இருவர், கடையில் விற்கும் கேமராக் கண்ணாடியை முகம்தேடும் மென்பொருளோடு இணைத்து, தெருவில் எதிர்ப்படுகிறவரின் பெயரையும் விலாசத்தையும் எடுத்துக் காட்டினார்கள். ஆபத்தை எச்சரிக்கத்தான் செய்தார்கள். மாட்டேன் என்று சொல்ல அங்கே யாரும் யாரையும் கேட்கவில்லை.

கண்ணுக்குத் தெரியாததைக் காட்டும் கருவிகளோடு தங்கவயலுக்குப் பகையில்லை. 1965-இல் இதே சுரங்கத்தின் ஆழத்தில்தான் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பான், இங்கிலாந்து விஞ்ஞானிகளும் வளிமண்டல நியூட்ரினோ என்ற நுண்துகளின் தடயத்தைப் பிடித்தார்கள். பாறைக்குள் ஏறும் அழுத்தத்தை அளக்கவும் இங்கே கருவிகள் வைத்தார்கள். அந்த அளவை, அடியில் நிற்கிறவன் கண்முன்னே காட்டும் கண்ணாடி அன்று இருந்திருந்தால் சில உயிர்கள் மிஞ்சியிருக்கலாம். ஏ.ஆர். என்ற பெயரே 1990 வாக்கில் போயிங் விமானத் தொழிற்சாலையில், கம்பி பொருத்தும் தொழிலாளிக்கு வழிகாட்டும் யோசனையிலிருந்து பிறந்தது. ஆகவே கேள்வி கருவியைப் பற்றியதல்ல. அது யாருக்காகப் பார்க்கிறது? அடியில் நிற்கிறவனுக்காகவா, மேலே நின்று அவனைக் கண்காணிக்கிறவனுக்காகவா, டிக்கெட் வாங்கி வேடிக்கை பார்க்க வந்தவனுக்காகவா?

பூமிக்கு அடியில் தோண்ட வேண்டுமானால் குத்தகை வேண்டும். எல்லை, காலம், ராயல்டி எல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். அந்தக் குத்தகையே தொழிலாளிக்குப் பெரிதாக எதையும் தந்துவிடவில்லை என்பது வேறு கதை. பூமிக்கு மேலே, நம் கண்ணுக்கும் நம் தெருவுக்கும் இடையில் காட்சியை விரிக்க அந்த அளவு காகிதம்கூடத் தேவையில்லை. 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனிமனிதரின் தகவலைப் பற்றிப் பேசுகிறது; ஓர் ஊரின் மீது யார் எதை விரிக்கலாம் என்று பேசவில்லை. விரிக்கிறவர் பெயரைச் சொல்ல வேண்டும், ஊராட்சியோ நகராட்சியோ அனுமதி தர வேண்டும், ஊரார் மறுத்தால் நீக்க வேண்டும், கேட்காமல் முகம் அறியக்கூடாது என்ற நான்கு நிபந்தனைகளையாவது இப்போதே எழுதிவைக்கலாம். கம்பெனி தோண்டி முடித்துப் போன பிறகு கேட்டால் என்ன மிஞ்சும் என்பதைத் தங்கவயல்காரர்களிடம் விசாரித்துக்கொள்ளலாம்.